வலது காதுக்கான பாதி

கெடுத்தது அவன்தான். இந்த மத்தியானத்தைக் கெடுத்தது, ஐந்து வருஷம் காத்திருந்து கைக்குக் கிடைத்த ஆல்பத்தைக் கெடுத்தது, ஒரு மனுஷன் சீட்டைப் பின்னால் சாய்த்துப் போட்டுக் கண்ணை மூடி ஒரு மணி நேரம் நிம்மதியாகப் பாட்டுக் கேட்க முடியாதபடி பண்ணியது, எல்லாம் அந்த ஒருத்தன் செய்த வேலை. பேரைச் சொன்னால் வாய் புண்ணாகும் என்று தங்கமாயன் எட்டு மாதமாக அந்தப் பேரை உச்சரிப்பதில்லை. செல்போனில் இருந்த பேரையும் அழித்துவிட்டு ‘எடுக்காதே’ என்று பதிந்து வைத்திருக்கிறான். எடுக்காமல் இருப்பதற்கு முதலில் அவன் கூப்பிட வேண்டுமே. எட்டு மாதத்தில் ஒரு தடவை, தவறிக் கை பட்டாவது கூப்பிட்டிருக்கக் கூடாதா, மணி அடிக்க அடிக்க எடுக்காமல் வேடிக்கை பார்க்கும் அந்தச் சுகத்தையாவது கொடுத்திருக்கக் கூடாதா, அதையும் கொடுக்காத கல்நெஞ்சன். சரி போகட்டும், இன்றைக்கு அவனை நினைப்பதில்லை என்று காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு பண்ணியாயிற்று. இன்று மாதாந்திர மின்தடை. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் திருப்பூரின் இந்தப் பக்கம் முழுக்கக் கரண்ட் கிடையாது. மிஷின் சத்தம் நின்றுபோன தெருவில் காக்கா நடந்தால்கூடக் கேட்கிறது. நாலு மணிக்கு மேல் ஒரு குடோனில் சரக்கு பார்க்கப் போக வேண்டும். ஏற்றுமதியில் கழித்துக் கட்டிய பனியன்களை மொத்தமாக விலை பேசித் தூக்கி வெளியூர்க் கடைகளுக்குத் தள்ளுவது தங்கமாயனின் தொழில். அதுவரைக்கும் ஒரு வேலையும் இல்லை. மூடிக் கிடக்கும் சாயப்பட்டறைச் சுவரோரம், பூவரச மரத்தடியில் ஆம்னி வேனை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே நீட்டியாயிற்று. வயிற்றில் மனைவி இந்திராணி கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் பதமாக இறங்கிக்கொண்டிருந்தன. உள்ளங்காலில் காற்று பட்டது. இடது காதில் ஹெட்போனின் ஒரு முனையைச் செருகிக்கொண்டான், மறுமுனை வழக்கம்போல மார்பில் சட்டைப் பொத்தான் பக்கம் தொங்கியது. ராஜா மாதிரி இருந்தது. போன எட்டு மாதத்தில் இப்படி ஒரு மத்தியானம் வாய்த்ததில்லை. அதில் போய் அவன் ஞாபகம்.

முதல் பாட்டு மணியோசையில் ஆரம்பித்தது. மணியா இது, தகரத்தில் கரண்டியால் தட்டின மாதிரி இருக்கிறது என்று மனசு உடனே ஒரு குறையை எடுத்து நீட்டியது. அதன் பின்னால் கித்தார் வந்தது, தாழ்வாக, இழுத்து, ஈரத்துணி மூட்டையைத் தரையில் தேய்த்து இழுத்து வருகிற கனத்தோடு. அப்புறம் டிரம். டிரம் நன்றாகத்தான் இருந்தது, ஓவர்லாக் தையல் மாதிரி ஒரு இடம் விடாமல் ஓடியது, இருந்தாலும் போன ஆல்பம் அளவுக்கு வராது என்று மனசு அதையும் ஒரு தட்டுத் தட்டி வைத்தது. இது தொழில் பழக்கம். பதினாலு வயதில் உசிலம்பட்டியில் பஸ் ஏறி இங்கே வந்து இறங்கி, தையல் மிஷினுக்கு அடியில் படுத்துத் தூங்கி, தோளில் பதினோரு பனியனைப் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்தில் கூவி விற்று, இரண்டு தடவை ஓட்டாண்டியாகி, மூன்றாம் தடவை எழுந்து நின்றவனுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அடிபட்டு அடிபட்டு அவனே கண்டுபிடித்தது ஒன்றுதான். சரக்கைப் பார்த்ததும் முகம் செத்துவிட வேண்டும். பிடித்துவிட்டது என்று கண்ணில் தெரிந்தால் தீர்ந்தது, விற்கிறவன் ஏறி உட்கார்ந்துகொள்வான். நல்ல சரக்கென்றால் கூடுதலாகத் திட்ட வேண்டும், துணியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து இல்லாத ஓட்டையைத் தேட வேண்டும், கழுத்துப் பட்டியை இழுத்து ‘இது கழுத்தா கிணறா’ என்று கேட்க வேண்டும். இருபத்தெட்டு வருஷம் அதையே பண்ணிப் பண்ணி அந்த வாய்க்கு வேறு பேச்சு வராமல் போயிற்று. மகள் தர்ஷினி தொண்ணூற்றாறு மார்க் வாங்கி வந்தால் அந்த நாலை எங்கே விட்டாய் என்றுதான் வரும். இந்திராணியின் வறுவல் தேவாமிர்தமாக இருக்கும், ‘உப்பு ஒரு கல் தூக்கல்’ என்று வரும். இதோ, எங்கோ நார்வே நாட்டில் பனிக்குள் உட்கார்ந்து ஆறேழு பேர் பாடி அனுப்பியதை, கேட்கிற முதல் நிமிஷத்திலேயே தகரம் என்கிறது. யாரிடம் விலையைக் குறைக்கப் போகிறாய் மாயா, இங்கே விற்கிறவன் எவன் இருக்கிறான். அந்த நினைப்பு வந்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. வேனில் ஆள் இல்லை. தெருவிலும் ஆள் இல்லை. பூவரசம் பூ ஒன்று பானெட்டில் விழுந்து கிடந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோல மெதுவாக, “நல்லாருக்கு” என்று சொல்லிப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. விலை ஏறவில்லை. “நல்லாத்தான்டா இருக்கு” என்று இன்னொரு தடவை கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.

சால்ட் சேப்பல் என்பது அந்தக் குழுவின் பேர். உப்புக் கோயில் என்று அர்த்தம். கோதிக் மெட்டல் என்று அந்த வகைப் பாட்டுக்குப் பேர், இழவு வீடும் தேவாலயமும் லேத்துப் பட்டறையும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி இருக்கும். இந்தப் பேரெல்லாம் தங்கமாயனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் மறுபடி அவனிடம்தான் போய் நிற்க வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பிரிண்டிங் பட்டறைக்குக் கழிவு பனியன் கேட்டுப் போயிருந்தான். நீளமான மேசையில் கறுப்பு பனியன்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒருத்தன் குனிந்து, இடிந்த கோயில் ஒன்றைச் சாம்பல் நிறத்தில் ஒவ்வொரு நெஞ்சிலும் அச்சடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் செல்போன் உறுமியது. “என்னாய்யா இது, பன்னி அறுக்கிற சத்தம்?” என்று தங்கமாயன் கேட்டான், விலை பேச வந்த இடத்தில் எதையும் மட்டம் தட்டித்தான் பேச்சை ஆரம்பிப்பது. அவன் நிமிராமலே சொன்னான், “இவுங்க சட்டைதானுங்க அடிக்கறேன். சாம்பல்ல பத்துச் சாம்பல் இருக்குதுங்க. எந்தச் சாம்பல் வேணும்னு மாதிரித் துணி சொல்லாது, பாட்டுக் கேட்டாத்தான் தெரியும்.” கிறுக்கன் என்று நினைத்துக்கொண்டு தங்கமாயன் அங்கேயே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தான். உறுமல் நின்று ஒரு பெண்குரல் எழுந்தது. எழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும், தரையிலிருந்து புகை எழுகிற மாதிரி. அன்றைக்கு வந்த காரியத்தை மறந்துவிட்டுத் திரும்பி வந்தவன், மறுநாள் காரியமே இல்லாமல் போய் நின்றான். அப்படித்தான் ஆரம்பித்தது. உறுமுகிறவருக்குக் கரடியண்ணன் என்றும், பாடுகிறவளுக்கு அந்தம்மா என்றும் இவர்களாகப் பேர் வைத்தார்கள். உண்மைப் பேர் வாயில் நுழையவில்லை. பட்டறையில் வைத்துக் கேட்டால் முதலாளி முறைத்தார் என்று வேனுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். ஹெட்போன் அவனுடையது, வயர் வைத்த பழைய மாடல், ஆளுக்கொரு முனை. தங்கமாயன் ஓட்டுகிற சீட்டில் இருப்பதால் இடது முனை, அவன் பக்கத்து சீட்டில் வலது முனை. இதில் ஒரு விசேஷம் இருந்தது. மேடையில் எப்படி நிற்பார்களோ அப்படியே பதிந்து வைப்பது அந்தக் குழுவின் வழக்கம், கரடியண்ணன் இடது பக்கம், அந்தம்மாவும் வயலினும் வலது பக்கம். ஆகவே ஒருத்தன் காதில் விழுவது இன்னொருத்தனுக்கு விழாது, கொஞ்சம் கசிவு மட்டும் இருக்கும், பக்கத்து வீட்டில் யாரோ அழுகிற மாதிரி. “இப்பக் கரடி உள்ளாற போயிட்டாப்ல மாயா, அந்தம்மா தனியா நிக்குது” என்பான் அவன் கண்ணை மூடிக்கொண்டே. “உன்ற பக்கம் என்ன நடக்குது?” “இங்கிட்டு டிரம்மு மட்டும் பங்காளி, யாரோ மாடிப்படி எறங்கி வர்ற மாதிரி இருக்கு.” “அப்ப அந்தம்மாவப் பாக்கத்தான் வர்றாப்ல.” “வரட்டும் வரட்டும்.” ஆல்பம் முழுக்க அப்படிக் கேட்டு முடித்துவிட்டு, முனையை மாற்றிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. இரண்டு தடவை கேட்டால்தான் ஒரு ஆல்பம். அந்த முதல் தடவை பாதியில்தான் உயிர் இருந்தது, மற்றவன் சொல்லச் சொல்ல மீதியை மனசுக்குள் கட்டிக்கொள்வதில்.

இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வந்தது. தங்கமாயனுக்கு ஏதோ உறுத்தியது. அந்தம்மா எங்கே? கசிவாகக்கூடக் கேட்கவில்லை. பழைய ஆல்பத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தாவது வந்துகொண்டிருப்பாள், இதில் சுத்தமாக இல்லை. கரடியண்ணன் மட்டும் இழுத்து இழுத்துப் பாடுகிறார், ஒரு வரியை முடித்துவிட்டு நிற்கிறார், பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி, அந்த இடம் காலியாகவே கிடக்கிறது, மறுபடி அவரே அடுத்த வரியை எடுக்கிறார். ஐந்து வருஷம் ஆயிற்றே. அந்தம்மா போய்விட்டாளா? குழுவிலிருந்து விலகிவிட்டாளா, இல்லை வேறு ஏதாவது, சே, அப்படி நினைக்கக் கூடாது. அந்த நினைப்பு நெஞ்சில் சிலீரென்று இறங்கியது. முன்பின் பார்த்திராத ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளைக்கு ஒன்று ஆகியிருக்குமோ என்று திருப்பூரில் ஒருத்தன் வேனுக்குள் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருக்கிறான் என்றால் யாராவது நம்புவார்களா? சண்டையாக இருக்கும். இத்தனை வருஷம் ஒன்றாகப் பாடினவர்களுக்குள் சண்டை வராமலா இருக்கும். கரடியண்ணன் ஏதாவது சொல்லியிருப்பார், வாய் நீளமாக இருக்கும், அவள் பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். சொல்லியிருந்தால்தான் என்ன, ஆம்பிளை நாலு வார்த்தை கோபத்தில் சொல்வான், அதற்காக ஒரேயடியாகப் போவதா, பாட்டில் இப்படி ஓட்டை போட்டுவிட்டு? நாலாவது பாட்டு மெதுவானது. அதில் கரடியண்ணன் உறுமவே இல்லை, பேசுகிற குரலில், அடித்தொண்டையில், ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். தங்கமாயனுக்குச் சொல் புரியவில்லை, ஆனால் இது என்ன என்று தெரிந்துவிட்டது. அப்பா செத்த அன்றைக்குத் தெருவில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் கை போட்டுக்கொண்டு ஒப்பாரி வைத்தார்களே, ஒருத்தி ஒரு வரியை எடுத்துவிட்டு மூச்சு வாங்குவாள், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள், பிடிக்க ஆள் இருப்பதால்தான் அவளால் அத்தனை தூரம் இழுக்க முடிந்தது. இவருக்குப் பிடிக்க ஆள் இல்லை. எடுத்து எடுத்துக் கீழே வைக்கிறார். ஒன்பது வயதில் அந்த வட்டத்துக்கு வெளியே நின்று அழாமல் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, நாற்பத்திரண்டு வயதில், வயிறு நிறைந்த ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்தில், கண் கரித்தது. சுகமாகவும் இருந்தது. இது என்ன கூத்து, அழுகையும் வருகிறது, நன்றாகவும் இருக்கிறது. அவன் பக்கத்தில் இருந்தால் கேட்டிருக்கலாம், ‘ஏன் பங்காளி இப்படி’ என்று. அவன் ஏதாவது சாம்பல் கணக்கு சொல்லியிருப்பான்.

போன் அதிர்ந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எடுக்காதே என்று திரையில் வந்துவிட்டதோ என்று நெஞ்சு குதித்தது. இந்திராணி. பாட்டு தானாக நின்றது. “எங்க இருக்கீங்க?” “வண்டியில.” “சாப்பிட்டாச்சா?” “ஆச்சு.” “வறுவல்ல உப்பு தூக்கலா?” என்றாள் அவளே முந்திக்கொண்டு, இத்தனை வருஷப் பழக்கத்தில். தங்கமாயன் வாயைத் திறந்தான். உள்ளே இன்னும் அந்த நாலாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. “இல்ல. நல்லாருந்துச்சு” என்றான். அவள் குரல் மாறியது. “ஏங்க, வண்டிய எங்கிட்டாச்சும் இடிச்சுட்டீங்களா?” “இல்லடி.” “போலீசா?” “ஏய், வறுவல் நல்லாருந்துச்சுன்னு சொன்னா ஒரு குத்தமா?” “அப்பச் சரி, கோவம் வருது, நல்லாத்தான் இருக்கீங்க” என்று சிரித்தாள். வைக்கப் போனவள் வைக்கவில்லை. “அந்தப் பாட்டு இன்னைக்குத்தான வருதுன்னு தர்ஷினி சொன்னா. அந்தண்ணன் வந்துச்சா?” “யாரு?” “யாரா? சரி, யாரோ.” “வரல.” “நீங்க கூப்பிட்டீங்களா?” “நான் எதுக்குக் கூப்புடணும்?” “அதான, நீங்க எதுக்கு” என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். அந்த ‘அதான’ என்பதில் எத்தனை எடை வைக்கிறாள் பார், தராசில் போட்டால் தாங்காது.

நான் எதுக்குக் கூப்பிடணும்? யாரைக் கேட்டாலும் நியாயம் தங்கமாயன் பக்கம்தான் இருக்கும். எட்டு மாதத்துக்கு முன்னால், கழிவுச் சரக்கு விற்கும் சென்னியப்பண்ணன் குடோனில் ஒரு பெரிய லாட் வந்திருந்தது. ஏதோ சாம்பலில் ஒரு நூல் வித்தியாசம் என்று ஆர்டர் கொடுத்த நார்வேக்காரன் வேண்டாம் என்று ஒதுக்கிய கறுப்பு பனியன்கள். பிரித்துப் பார்த்தால் நெஞ்சில் உப்புக் கோயில். அவன் கையால் அடித்தது. “நானும் வாறேன் மாயா, என்ற வேலைய ஒருக்கா பாத்துக்கறேன்” என்று கூட வந்தான். வந்தவன் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டுமா இல்லையா? தங்கமாயன் முகத்தைச் சாகடித்துக்கொண்டு ஆரம்பித்தான். பனியனை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குகிற மாதிரித் தூக்கினான். “என்னாண்ணே இது, கரி அப்புன சொவரு மாதிரி இருக்கு. பிரிண்டா இது?” சென்னியப்பண்ணன் சிரித்தார். “ஏதோ பாட்டுக்காரங்க சட்டையாமப்பா.” “பாட்டா? நாய் ஊளைண்ணே. சுடுகாட்டுல கெடக்குற நாலு பரதேசி ஊளையிடுறது. இதப் போட்டுக்கிட்டு எவன் வெளிய போவான், புள்ளைக பயந்துரும்.” நன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணனின் முகம் தளர ஆரம்பித்துவிட்டது. இன்னும் இரண்டு வசவு போதும், லாட் கைக்கு வந்திருக்கும். அப்போதுதான் பின்னாலிருந்து அவன் பேசினான். “அண்ணா, பிரிண்டுல தப்பு இல்லீங்க. நாலு சாம்பலுக்கு நாலு பிரேம் போட்டு நானே அடிச்சதுங்க. இவுங்க பாட்டுக்கு அந்த ஊர்ல உசுர விடறாங்க. ஒண்ணு ரெண்டு பீஸ் கெடைக்காதான்னு தவமா கெடப்பாங்க.” அவ்வளவுதான். சென்னியப்பண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்படீங்களா?” என்று பனியனை வாங்கித் தடவிப் பார்த்தார். விலை எங்கேயோ போயிற்று. விலை பேசுகிற இடத்தில், தன் ஆள் பக்கத்தில் நின்றுகொண்டு, சரக்கைப் புகழ்ந்தவன் உலகத்திலேயே அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். வெளியே வந்து ரோட்டில் வைத்து, நாலு பேர் பார்க்க, தங்கமாயன் கத்தினான். என்னவெல்லாம் கத்தினான் என்று இப்போது கோவையாக ஞாபகம் இல்லை, ஞாபகம் இல்லை என்று சொல்லிக்கொள்வது வசதியாக இருக்கிறது. ‘சாயம் அப்புறவனுக்கு என்னாடா தெரியும் யாவாரம்’ என்று சொன்னது மட்டும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. அவன் பதிலுக்குக் கத்தவில்லை. கத்தியிருக்கலாம், கையை ஓங்கியிருக்கலாம், எல்லாம் அப்போதே தீர்ந்திருக்கும். நின்று, பார்த்து, “வாய் கூசலையா, மாயா?” என்று மட்டும் கேட்டான். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான். ஹெட்போன் வேனிலேயே கிடந்தது.

வாய் கூசலையா. இது ஒரு கேள்வியா? யாவாரத்தில் வாய்க்கு என்ன கூச்சம். பொய் சொல்லாமல் எவன் சரக்கு எடுத்தான். தவிரவும் அது பொய்யும் இல்லை, அது ஒரு முறை, சென்னியப்பண்ணனுக்குத் தெரியும், ஊரில் எல்லாருக்கும் தெரியும், திட்டுகிறவன் வாங்கப் போகிறான் என்று அர்த்தம். தெரியாதவன் அவன் ஒருத்தன்தான். தெரியாதவனா? ஒன்பது வருஷம் கூடச் சுற்றினவனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் பேசியிருக்கிறான். தெரிந்தும் தாங்க முடியாமல் பேசியிருக்கிறான். அங்கே போய்த்தான் ஒவ்வொரு தடவையும் நினைப்பு சிக்கிக்கொள்கிறது, மிஷினில் நூல் சுற்றிக்கொள்கிற மாதிரி, பிய்த்து எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாலும் அதே இடத்தில் மறுபடி சுற்றிக்கொள்கிறது. நாய் ஊளை என்று சொன்னபோது நாக்கில் ஒரு கசப்பு வந்தது உண்மையா இல்லையா. வந்தது. பல் கூசுகிற மாதிரி ஒன்று. அதைத் துப்பாமல் முழுங்கிவிட்டு அடுத்த வசவுக்குப் போனான். அப்புறம் மூன்று மாதம் கழித்து ஒருநாள் வேன் தானாக சென்னியப்பண்ணன் குடோன் வாசலில் போய் நின்றது. லாட் அப்படியே கிடந்தது. அண்ணன் ஒரு விலை சொன்னார். சொன்ன விலைக்குச் சரி என்றான் தங்கமாயன். அண்ணன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். “மாயா, எதுக்கும் இன்னொருக்கா பிரிச்சுப் பாத்துக்க சாமி” என்றார் அந்த மனுஷன், பயந்துபோய். விற்கிறவன் வாங்குகிறவனிடம் அப்படிச் சொல்லி இந்த ஊரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிரித்துப் பார்க்கவில்லை, மூட்டையாகவே ஏற்றி வந்து தன் குடோனில் அடுக்கி வைத்தான். ஐந்து மாதமாயிற்று. கடைக்காரர்கள் கேட்கிறார்கள், இன்றைக்கு நாளைக்கு என்று சொல்லி ஒரு பீஸ் கொடுக்கவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்தான், அது இப்போது வெள்ளைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. இதெல்லாம் இந்திராணிக்குக்கூடத் தெரியாது. ஒருவேளை தெரியும். அந்த ‘அதான’.

பாட்டை மறுபடி ஓடவிட்டான். ஐந்தாவது. ஆர்கன் பெரிதாக எழும்பியது, கித்தார் அதன் அடியில் கருங்கல் அஸ்திவாரம் மாதிரி உட்கார்ந்தது, வேன் கண்ணாடி லேசாக அதிர்கிற மாதிரி ஒரு பிரமை. ஆகா என்று இருந்தது. போன ஆல்பத்தை விட நல்ல சரக்கு இது, சத்தியமாகச் சொல்லலாம், ஒவ்வொரு பாட்டும் வெட்டும் தையலும் அத்தனை சுத்தம். பனிக்காலச் சீதனம் என்று ஆல்பத்துக்குப் பேர் வைத்திருக்கிறார்களாம், தர்ஷினி காலையில் அர்த்தம் சொன்னாள். யாருக்கு யார் கொடுத்த சீதனமோ. கரடியண்ணன் ஒரு வரியைப் பாடிவிட்டு நின்றார். கித்தாரும் நின்றது, டிரம்மும் நின்றது, எல்லாம் நின்று ஒரு பெரிய வெற்றிடம். மின்தடை ஊரின் அமைதியும் காதுக்குள்ளிருந்த அமைதியும் ஒன்றாகிவிட்டன. அப்போது மார்பில் ஏதோ ஒரு பூச்சி பாடியது. குனிந்து பார்த்தான். பூச்சி இல்லை. பொத்தான் பக்கம் தொங்கிக்கொண்டிருந்த வலது முனை. அதற்குள், அரிசி அளவு குரலில், அந்தம்மா. அடப்பாவி. அங்கேயா இருக்கிறாய். போகவில்லையா நீ. முதல் பாட்டிலிருந்தே, இந்தத் தடவை கசிவுகூட விடாமல், அங்கேதான் இருந்திருக்கிறாள். கரடியண்ணன் விட்டு விட்டு நின்ற ஒவ்வொரு இடத்திலும் அவள் வரியைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள், வட்டத்தில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், இந்த மடையன் பழக்க தோஷத்தில் இடது காதை மட்டும் செருகிக்கொண்டு ஆள் செத்துப்போன மாதிரி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்திருக்கிறான். ஓட்டை பாட்டில் இல்லை. தங்கமாயன் சத்தம் போட்டுச் சிரித்தான். சுவர் மேல் இருந்த காக்கா எழுந்து போயிற்று.

அந்த முனையை எடுத்தான். காதுப் பக்கம் கொண்டுபோனான். ஒரு விரற்கடை தூரத்தில், வயலின் ஒன்று மெல்லிய கம்பி மாதிரி மின்னியது, அவள் குரல் சூடாக வந்து மடலில் பட்டது. கை நின்றுவிட்டது. செருகினால் முழுப் பாட்டும் கேட்கும். முழு ஆல்பமும் தன்னுடையது. தடுக்க யார் இருக்கிறார்கள்? தடுக்க யாரும் இல்லை என்பதுதான் கை நின்றதற்குக் காரணம். இது அவனுடைய பாதி. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, ‘மாயா, இப்ப என்ன ஆச்சுன்னா’ என்று சொல்ல வேண்டிய பாதி. அதைத் தானே எடுத்துக் கேட்டுவிட்டால் அப்புறம் சொல்வதற்கு அவனிடம் என்ன இருக்கும், வருவதற்கு அவனுக்கு என்ன காரணம் இருக்கும். இந்நேரம் அவனும் எங்காவது கேட்டுக்கொண்டிருப்பானோ? யாருடனாவது? அவனுடைய இடது பக்கத்தில் வேறு எவனாவது உட்கார்ந்து, இங்கிட்டு டிரம்மு மட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தால்? இருக்காது. ஹெட்போன் இங்கே இருக்கிறதே. புதிது வாங்கியிருந்தால்? வாங்கமாட்டான், அவன் எதையும் அவ்வளவு சீக்கிரம் மாற்றமாட்டான், சாம்பலை மாற்றுவதற்கே ஒரு வாரம் எடுப்பவன். வலது முனையைப் பத்திரமாகச் சட்டைப் பைக்குள் விட்டு மூடினான். பைக்குள்ளிருந்து பூச்சி பாடிக்கொண்டே இருந்தது. போனை எடுத்தான். ‘எடுக்காதே’. கூப்பிட்டான். மணி அடித்தது, அடித்தது, அடித்து நின்றது. எடுக்கவில்லை. நல்ல ஆள்தான், பேரில் இருக்கிறபடியே நடக்கிறான். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது, ஏறின வேகத்தில் வாய்ஸ் மெசேஜ் பொத்தானை அழுத்திப் பிடித்தான். “டேய், நீ பண்ணினதுக்கு என் வீட்டு வாசல்ல வந்து நாலு பேரு முன்னாடி மன்னிப்புக் கேக்கணும்...” விரலை இடப்பக்கம் தள்ளி அழித்தான். ரொம்ப ஏற்றிக் கேட்டுவிட்டோம், இந்த விலைக்குப் படியாது. இரண்டாம் தடவை, “மன்னிப்பெல்லாம் வேணாம், ஒரு போன் பண்ணி, தப்புத்தான் மாயான்னு...” அதையும் அழித்தான். மூன்றாம் தடவை அழுத்தினான், எட்டு நொடி வெறும் மூச்சு மட்டும் பதிவாயிற்று, அதையும் அழித்தான். யாருடன் பேரம் பேசுகிறோம் என்றே தெரியவில்லை, இறங்கிக்கொண்டே போவது இவன் ஒருத்தன்தான், வாங்கவும் விற்கவும் இவனே, இப்படி ஒரு யாவாரத்தை இருபத்தெட்டு வருஷத்தில் பண்ணியதில்லை. வெளியே பூவரச இலைகள் வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தன. உள்ளங்காலில் மறுபடி காற்று. பைக்குள் அந்தம்மா உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள், என்ன சொல்கிறாளோ. ஆச்சரியமாக, மனசு லேசாக இருந்தது. நாலாம் தடவை அழுத்திப் பிடித்தான், இந்தத் தடவை விரல் அசையவில்லை.

“நாந்தான். மாயன். ஆல்பம் வந்துருச்சு, உனக்குத் தெரியும். அஞ்சு பாட்டுக் கேட்டேன், இடது பக்கம் மட்டும். நல்லாருக்கு பங்காளி. நல்லாருக்குன்னு நாஞ் சொல்றேன், கேட்டுக்க. நாலாவது பாட்டுல கரடியண்ணன் என்னய அழ வச்சுட்டாரு. அந்தம்மா என்ன பாடுதுன்னு எனக்குத் தெரியாது, நான் காதுல வைக்கல, பையில கெடக்கு, அது உன் பங்கு. அன்னைக்கு வாய் கூசலையான்னு கேட்டேல்ல. கூசுச்சுடா. சொல்லும்போதே கூசுச்சு. சாயம் அப்புறவன்னு சொன்னதுக்கு இன்னும் கூசுது. அந்த லாட்டு பூராம் என் குடோன்லதான் கெடக்கு, சொன்ன வெலைக்கு எடுத்தேன், வேணும்னா சென்னியப்பண்ணன்ட்ட கேளு, ஒரு பீஸ் விக்கல. இம்புட்டுக்கும் காரணம் நீதான். பஸ் ஏறிப் போனவன் நீ. கெடுத்தவன் நீ, அப்ப நீதான் சரி பண்ணணும். சாயப்பட்டறைச் சொவரு, பூவரச மரம், வண்டி நிக்குது. நாலு மணி வரைக்கும் கரண்ட்டு வராது, உனக்கும் பட்டறை கெடையாது, சாக்குச் சொல்லாத. வந்து உன் காத எடுத்துக்க. வாடா.”